சுவரைப் பார்த்த நாற்காலி

வலது கை பெட்டிக்குள் இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் சட்டையைப் பற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கிறபோது இரண்டு கைகளையும் ஒன்றாக விடக் கூடாது. ஒரு கையில் ஏறியது மறு கை வழியாக இறங்கினால் நடுவில் இருப்பது நெஞ்சு. வலது கை ஒரு ரெசிஸ்டரைக் கெபாசிட்டரின் முனையில் வைத்து, தேங்கியதைச் சொட்டச் சொட்ட வடித்தது. மீட்டரின் முள் சரிந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் படுத்தது. அதன் பிறகுதான் இடது கை முன்னால் வந்தது.

விரல்கள் ஒரு பழைய பனியன் துணியால் சின்னக் கண்ணாடி வால்வைச் சுற்றிப் பிடித்தன. திருகவில்லை. குழந்தையின் ஆடுகிற பல்லை அசைப்பதுபோல இப்படியும் அப்படியும் அசைத்து மேலே இழுத்தன. ஊசிக் கால்கள் ஒன்றும் வளையாமல் வெளியே வந்தன. கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது உச்சியில் வெள்ளிப்பூச்சு பளபளத்தது. புது வால்வு. போன வாரம் இதே விரல்கள்தான் இதைச் செருகின. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அது விசில் அடித்தது. ஊரில் எல்லோருக்கும் கேட்ட விசில், அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரான உமர் பாரூக்குக்கு மட்டும் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் கோட்டைமேட்டில், ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்தில் அவருடைய வீடு. முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. கிடார் வாசிப்பவர்கள் தேடி வந்துவிடுவார்கள். கிடார் ஓசையைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிகளில் ட்ரான்ஸிஸ்டர் வைத்ததைப் பழுது பார்க்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வால்வு போட்ட கிடார் ஆம்ப் என்றால் பொள்ளாச்சியிலிருந்து அன்னூர் வரைக்கும் "பாய்கிட்டப் போ" என்பார்கள்.

அன்று காலையில் மதிவதனி அந்தப் பெட்டியைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புகளில் கிடார். ஆம்ப் மங்கிவிட்டது, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்று போன வாரம் புது வால்வுகளை அவளே வாங்கி வந்து கொடுத்தாள். பெரியது இரண்டு, சின்னது இரண்டு, கைவசம் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு சின்னது. உமர் பாரூக் நான்கையும் மாற்றி, பெரிய வால்வுகளுக்கு வேண்டிய அளவு மட்டும் மின்சாரம் பாய்கிறதா என்று மீட்டர் வைத்துத் திருகி, தானே கேட்டுப் பார்த்து அனுப்பினார். அவசரத்தில் அவள் கேட்டுப் பார்க்காமலே எடுத்துப் போனாள்.

"வெள்ளகோவில்ல மானத்த வாங்கிப்போட்டுதுங்க பாய்," என்றாள், பெட்டியை மேஜைமேல் வைத்தபடி. "சாயங்காலம் பூராம் ஒரே விசிலு. மாப்பிள்ளையோட தாய்மாமன் மேடைக்கே ஏறி வந்துட்டாருங்க. 'ஏனம்மணி, குக்கர் வெச்சுட்டு வந்துட்டியா? யாரையாச்சும் அடுப்ப அணைக்கச் சொல்லு'ங்கறாரு. மைக்கு வேற ஆன்ல இருக்குது."

உமர் பாரூக் சிரித்துவிட்டார். "மண்டபத்துல சீரியல் லைட்டு வாசல் வரைக்கும் போட்டிருப்பாங்க கண்ணு. அந்த இரைச்சல் ஆம்புக்குள்ள பூந்துரும். பாவம், பெட்டி மேல பழி போடாதீங்க. இருங்க, காட்டறேன்."

சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. அடியில் லேசான முனகல், அவ்வளவுதான். உமர் பாரூக் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? கெணத்தடி மாதிரி இருக்குது."

மதிவதனி அவரையே பார்த்தாள். "வெளையாடறீங்களா பாய்? இப்பவும் அடிக்குதுங்களே. ஈன்னு."

அவர் சத்தத்தைக் கூட்டினார். முனகல்தான் பெரிதானது. ஆனால் மதிவதனி முகத்தைச் சுளித்து ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். அந்த விரலைப் பார்த்ததும் அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"ஆமாமாங்க," என்றார். "இப்பக் கேக்குது. வெச்சுட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம வாங்க."

"அடுத்த மொகூர்த்தம் தாராபுரத்துலங்க. எங்க குழுவுல இருக்கற அருள்குமாரோட பேஸ் கிடார் ஆம்பையும் உங்ககிட்டத்தான் கொடுக்கோணும்னு சொல்லி வெச்சிருக்கறேன். ஞாயித்துக்கெழம வரும்போது அதையும் கொண்டாரேன். என்ற பேச்சக் காப்பாத்திப்போடுங்க."

அவள் போன பிறகு அவர் கொஞ்ச நேரம் பெட்டியை அணைக்காமல் அதன் முன்னால் தலையைச் சாய்த்து நின்றார். வலது காதைக் காட்டினார்; இடது காதைக் காட்டினார். முனகல் மட்டும் இருந்தது.

அவருடைய பிழைப்பு முழுவதும் காதை வைத்து வந்தது. பதினைந்து வயதில் உக்கடத்தில் தாய்மாமன் காதரின் மைக் செட் கடையில் சேர்ந்தார். கோயில் நோன்பி, தர்கா கந்தூரி, கல்யாணம், தேர்தல் என்று எதற்கும் கூம்பு ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டிவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது ஒயரைத் தட்டிவிட்டால் உடனே பார்க்க வேண்டும். அடியிலேயே தூங்கவும் செய்வார். மாமாவுக்கு ஆம்ப் ஓடினால் போதும், ஏன் ஓடுகிறது என்பதைப் பற்றிக் கவலை இல்லை. உமர் பாரூக்தான் செத்துப்போன ஆம்ப்களைப் பிரித்து, எந்த ஒயரைத் தொட்டால் எந்தச் சத்தம் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அந்த வேலைக்குள் போனார். மைக் செட்டுக்கு ஒரே ஒரு வேதம்: சத்தம் பெரிதாக இருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், கரகரப்பு கூடவே கூடாது.

அதை நம்பித்தான் முதல் கிடார் ஆம்பைக் கெடுத்தார். மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்த வெங்கடபதி, சுவிட்ச் சரியில்லை என்று ஒரு வால்வு ஆம்பைக் கொண்டுவந்து வைத்தார். சுவிட்சை மாற்றிய உமர் பாரூக் காது கொடுத்துக் கேட்டார். கிடாரை அழுத்தி வாசித்தால் பெட்டி கரகரத்தது. இத்தனை விலை போட்டு வாங்கிய பெட்டி இப்படியா என்று மனசு கேட்காமல், சொல்லாத வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு ரெண்டு நாள் உட்கார்ந்து கரகரப்பை முழுக்க எடுத்துவிட்டார். வெங்கடபதி வந்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். இன்னொன்று இழுத்தார். பிறகு கிடாரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் கரகரப்புக்குத்தான் பாய் இதை வாங்குனேன். புலிக்குப் பல்லப் புடுங்கிக் கையில குடுத்துட்டீங்களே. இனி இதக் காலண்டர் படமாத்தான் மாட்டோணும்."

எடுத்ததையெல்லாம் திரும்ப வைக்க மேலும் ரெண்டு நாள் ஆனது. அதிலிருந்து, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் "உங்களுக்கு எப்படிக் கேக்கோணும்?" என்று கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார்.

சுவரைப் பார்த்த நாற்காலி கடைக்கு வந்ததும் வெங்கடபதியால்தான். ஒரு தடவை அவர் புது வால்வுகளைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். உமர் பாரூக் பின்பக்கத் தகட்டைத் துடைத்து, பெட்டியை ஆன் செய்து வைத்துவிட்டு, பள்ளிவாசலில் ஒரு மைக்கைப் பார்க்கக் கூப்பிட்டதால் ஓடிவிட்டார். திரும்பி வந்தால் வெங்கடபதி கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கிறார். "அடேங்கப்பா, புது வால்வுன்னா புது வால்வுதாங்க பாய். தேன் மாதிரி எறங்குது!" புது வால்வுகள் மேஜைமேல் அட்டைப்பெட்டிக்குள் அப்படியே கிடந்தன.

கண் காதை ஏமாற்றும் என்று அன்று முடிவானது. சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டார். வேலை முடிந்தால் முதலில் அவர் அதில் உட்கார்ந்து, பெட்டிக்கு முதுகைக் காட்டிக் கேட்பார். கொண்டுபோக வந்தவர் அடுத்து உட்கார வேண்டும்; பழைய வால்வையும் புது வால்வையும் உமர் பாரூக் பின்னாலிருந்து மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார். சில சமயம் மாற்றாமலேயே மாற்றியதாகக் காட்டுவார். கடைசியில் "நான் கேட்டுட்டேன்" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காகத்தான் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

மத்தியானம் அவர் ஸ்கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓசையைக் கோடாகக் காட்டும் கருவி. பழைய சாமான் கடையில் வாங்கித் தானே சரிசெய்தது. ஆம்பிலிருந்து ஓசை வெளிவரும் ஒயரில் மாட்டினார். பச்சைக் கோட்டின் மேல் மெல்லிய மயிர்போல ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மதிவதனி சொன்ன விசில் அதுதான். கண்ணுக்குத் தெரிகிறது. கிடார் ஒயர் வந்து சேர்கிற முதல் சாக்கெட்டில் இருந்த வால்வைப் பென்சிலால் தட்டினால் நடுக்கம் துள்ளிக் குதித்தது. உள்ளே ஏதோ ஒரு தகடு தளர்ந்து, ஸ்பீக்கரின் அதிர்வுக்கெல்லாம் தானும் அதிர்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுக் கூடுதல் வால்வைப் போட்டார். கோடு வழவழவென்றானது.

பழுதைப் பிடித்துவிட்டார். ஆனால் போன வாரம் இதே வால்வைத் தட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. மனைவி தாஜுன்னிசா, தோளில் அளவு நாடாவோடு கதவருகே வந்து நின்றாள்.

"அப்பாடா. இப்பத்தான் நின்னுது," என்றாள்.

"எது?"

"காலைல இருந்து காதுல ஊசி குத்தற மாதிரி அடிச்சுட்டிருந்ததுங்களே, அது. போன வாரமும் அடிச்சுது."

"போன வாரமேவா? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் நாற்காலில உக்காந்து கேட்டுட்டு சரின்னு சொல்லிப்போட்டீங்களே. நீங்க சரின்னா அது அப்படித்தான் இருக்கோணும் போலன்னு இருந்துட்டேன்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குக் கேக்காததா உனக்குக் கேட்டுருச்சு? நாப்பது வருசமா இதே வேலை."

தாஜுன்னிசா நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டாள். "உக்காருங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"ஊருக்கே உக்காரச் சொல்றீங்களே, நீங்களும் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். எதிரே மாவு மில் கொடுத்த காலண்டர். பின்னால் சுவிட்ச் அணையும் சத்தம், துணி உரசும் சத்தம், மறுபடி சுவிட்ச். இத்தனை வருடம் பக்கத்து அறையில் இருந்தவளுக்கு வால்வைப் பிடுங்கத் தெரியாதா என்ன? வால்வு சூடாகும்வரை காத்திருந்தார்கள்.

"இப்ப?"

"சுத்தமா இருக்குது."

மறுபடி சுவிட்ச், துணி, சுவிட்ச்.

"இப்ப?"

"சுத்தமா இருக்குது."

மீண்டும் மாற்றினாள். இந்தத் தடவை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த முனகலுக்கு மேலே எங்கோ ஏதோ இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

"இப்ப அடிக்குது. கேக்குது எனக்கு."

தாஜுன்னிசா அவருக்கு முன்னால் வந்து நின்று உள்ளங்கையை விரித்தாள். விசில் அடித்த வால்வு அவள் கையில் இருந்தது. "ரெண்டாவதா போட்டது இதைத்தானுங்க," என்றாள். சிரிக்கவில்லை.

காலண்டரைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"நம்ம சந்துல கொசுவே இல்லாமப் போச்சுன்னு ஒரு நாள் பெருமையாச் சொன்னீங்களே, அன்னைக்கே. எனக்குக் கையெல்லாம் தடிச்சுக் கெடந்துது. காதுக்கிட்ட வந்து கத்துனாலும் நீங்க நிம்மதியாத் தூங்கறீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. கூம்புக்கு அடியில் தூங்கிய தூக்கமெல்லாம் நினைவுக்கு வந்தது.

வேலை இன்னும் பாக்கி இருந்தது. முதல் சாக்கெட்டுக்கு இப்போது இரண்டு வால்வுகள் போட்டி போட்டன: மதிவதனி கூடுதலாக வாங்கிய புதுசு, ஆம்பில் முன்பிருந்த பழசு. மங்கியது பெரிய வால்வுகளாகத்தான் இருக்க வேண்டும். முதல் சாக்கெட்டின் பழசில் குறை ஏதும் இருந்ததாக மீட்டர் சொல்லவில்லை. ஸ்கோப்பிலும் இரண்டுக்கும் ஒரே கோடுதான். எது நன்றாகப் பாடும் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. சொல்வது நாற்காலிதான்.

"நீ உக்காரு," என்றார் தாஜுன்னிசாவிடம். கடையில் கிடந்த பழைய கிடாரை எடுத்தார். அவருக்குத் தெரிந்தது கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற ஒரே ஒரு கார்டு. அதையே திருப்பித் திருப்பி இழுத்தார். வால்வை மாற்றி, மறுபடியும் இழுத்தார். அவருக்கு இரண்டும் ஒரே பெட்டியாகத்தான் கேட்டது.

"மொதல்லது கஞ்சி போட்ட துணிங்க," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "வெடவெடன்னு நிக்குது. ரெண்டாவது நல்லாத் தொவச்சுப் பழகுன வாயில் சேல. ஒடம்போட படியுது."

"எது வேணும்?"

"கஞ்சி போட்டதுதான். பளிச்சுன்னு இருக்குதுங்களே. அந்தப் புள்ளயும் அதைத்தான கேட்டுது?"

அது புது வால்வு. அதையே செருகினார்.

"வந்து கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள்.

"கேட்டுட்டேன்னு சொல்லுவேன். நீ கேட்டா என்ன, நான் கேட்டா என்ன? ஒரே ஊடுதானே."

"அவங்க உங்க காதுக்குத்தான வாராங்க."

"அதைத்தான் சொல்றேன் தாஜு. காது கேக்காத மெக்கானிக்குன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். வெங்கடபதி வாய்க்குள்ள போனா வடவள்ளில ஆரம்பிச்சு சூலூர் வரைக்கும் போயிரும். அப்புறம் இந்தச் சந்துக்குள்ள எவன் வருவான்?"

தாஜுன்னிசா எழுந்து உள்ளே போனாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எவ்வளவு தனக்குக் கேட்கிறது, எவ்வளவு கேட்கவில்லை என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதிவதனி காரைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, கிடாரோடு உள்ளே வந்தாள். அவர் முதல் வால்வு தளர்ந்திருந்ததைச் சொல்லி, அதை எடுத்துக் காட்டினார். அவள் சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். முகம் தெளிந்தது.

"விசில் போயிருச்சுங்க. நீங்க கேட்டுட்டீங்களா பாய்?"

உள்ளே மெஷின் நின்றது.

வார்த்தை அவருடைய நாக்கில் தயாராக இருந்தது. அதற்குள் அவளே தொடர்ந்தாள்: "நீங்க கேட்டிருந்தா எனக்குப் போதுமுங்க. நான் எதுக்கு உக்காந்துட்டு? அருள்குமார் ஆம்பு கார்ல இருக்குது, எறக்கி வெச்சுட்டு இத ஏத்திட்டுப் போயிடறேன்."

நீங்க சரின்னா அது அப்படித்தான் இருக்கோணும் போல. தாஜுன்னிசா காதில் ஊசி குத்தக் குத்தப் பேசாமல் இருந்தது இந்த நம்பிக்கையில்தான். இவளும் இனி இப்படித்தான் இருப்பாள். தாராபுரத்தில் பெட்டி கத்தினாலும் தன் காதைத்தான் சந்தேகப்படுவாள்.

"இல்லீங்க அம்மணி. நீங்க உக்காரோணும்," என்றார். "மேல் சத்தம் எனக்குக் கேக்கறதில்ல. போன தடவயும் கேக்கல. விசில் இருந்தது ஸ்கோப்புலதான் எனக்குத் தெரிஞ்சுது. வால்வக் கேட்டுச் சொன்னது என்ற சம்சாரம்."

மதிவதனி கிடாரின் உறையைப் பாதி திறந்தபடி நின்றாள். "அன்னைக்கு இங்கதான நின்னீங்க. இப்பக் கேக்குதுன்னு சொன்னீங்களே?"

"பொய்ங்க."

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்றும் அவர் எதிர்பார்த்தார், திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் கிடாரை ஒயரில் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "அக்காவையும் வரச் சொல்லுங்க," என்றாள்.

தாஜுன்னிசா வந்து நாற்காலிக்குப் பக்கத்தில், அவளும் சுவரைப் பார்த்தபடி நின்றாள். உமர் பாரூக் இரண்டு முதுகுகளுக்கும் பின்னால் வேலை செய்தார். முதலில் புதுசு. மதிவதனி வாசித்தாள், மெல்ல ஆரம்பித்து அழுத்தி, கடைசிக் கம்பியை வளைத்து விட்டாள். அணைத்தார், துணியால் பிடித்து அசைத்து எடுத்தார், பழசைச் செருகினார், சூடாகக் காத்திருந்தார். அவள் அதையே மறுபடி வாசித்தாள்.

"ரெண்டாவது," என்றாள் மதிவதனி உடனே.

"எனக்கு மொதல்லதுதான் கண்ணு," என்றாள் தாஜுன்னிசா. "அது பளிச்சுன்னு இல்லீங்களா?"

"பளிச்சுன்னுதாங்க்கா இருக்குது. ஆனா அழுத்தி வாசிச்சா கூச்சல் போடுது. ரெண்டாவது கோவிச்சுக்கற மாதிரி இருக்குது, கத்தல."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இந்த மாதிரி இழுபறியில் எப்போதும் அவர்தான் தீர்த்துவைப்பார். அந்தப் பழக்கத்தில் திரும்பிவிட்டார்கள். அடுத்த நொடியில் மதிவதனி பார்வையைக் கிடாருக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாசிக்கறது நீங்க," என்றார் உமர் பாரூக். "ரெண்டாவதே இருக்கட்டும்."

பழைய வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டினார். முன்பெல்லாம் தட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். இன்று தாஜுன்னிசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார். அவள் புருவம் அசையவில்லை. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். பின்பக்கத் தகட்டை வைத்து நான்கு மூலையிலும் ஸ்க்ரூவை முடுக்கினார். புது வால்வைத் துணியில் சுற்றி மதிவதனியிடம் கொடுத்தார். விசில் அடித்ததைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து, கலந்துவிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

பெட்டி கனம். பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எதிரே வந்த ஸ்கூட்டருக்கு ஒதுங்கும்போது, ஹாரன் அடித்ததா என்று தெரியாமல் அவர் மதிவதனி ஒதுங்குவதைப் பார்த்து ஒதுங்கினார். காரின் பின் சீட்டில் கறுப்புப் போர்வை சுற்றிய பெரிய பெட்டி ஒன்று இருந்தது. அருள்குமாருடையது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மதிவதனி அதைக் கொஞ்சம் தள்ளி இடம் செய்தாள். இறக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை; அவரும் கேட்கவில்லை.

"வால்வு சூடா இருக்கும், மேல எதையும் போட்டுராதீங்க. ரோட்டுல மெதுவாப் போங்க," என்றார்.

"சரிங்க பாய்," என்றாள், கையை நீட்டியபடி.

அவர் கைப்பிடியை அவள் பக்கமாகத் திருப்பினார். அவள் அதை இறுகப் பற்றிக்கொண்டதைப் பார்த்த பிறகு தன் கையை எடுத்தார்.